கடைசி மூன்று இலக்கங்கள்

எங்கள் வங்கியில் நேரத்தைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு கவுன்சில் இருக்கிறது. மொத்தம் பதினோரு பேர். வங்கியின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஜெர்சி சிட்டியில் ஆற்றோரமாக எத்தனையோ வங்கிகள் இருக்கின்றன. எல்லோருமே தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும். கவுன்சிலின் முழுப் பெயர் ஆங்கிலத்தில் ஒன்பது சொல் நீளம். நான் நேரக் கவுன்சில் என்று வைத்துக்கொள்கிறேன். அதன் கூட்டக் குறிப்புகளை எழுதுவது என் வேலை. நான் எழுதியதை ஒப்புதலுக்கு அனுப்புவேன்; அது தலைவாரிப் பொட்டு வைத்துத் திரும்பி வரும். இங்கே நீங்கள் படிக்கப்போவது தலைவாருவதற்கு முன்னால் இருந்தது.

கூட்டம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு. பத்து மணிக்கு அந்த அறையில் நான் மட்டும் இருப்பேன். பத்தரையை ஒட்டித் தலைவர் அனந்தராமன் காபிக் கோப்பையோடு உள்ளே வருவார். முதல் தடவை, "கூட்டம் 10.27-க்குத் தொடங்கியது" என்று எழுதினேன். தட்டச்சுப் பிழை என்று திருத்தி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எல்லாக் கூட்டமும் சரியாகப் பத்து மணிக்குத் தொடங்கிவிடுகிறது.

இந்தக் கவுன்சிலிடம் மாட்டிக்கொண்டவர் கிட்டுசாமி. கோபிசெட்டிபாளையத்துக்காரர். வங்கியின் நிரந்தர ஊழியர் இல்லை; டெக்ஸாஸில் இர்விங்கில் இருக்கும் ஒரு சின்ன கன்சல்டிங் கம்பெனி அவரை வங்கிக்கு அனுப்பியிருந்தது. அலுவலகத்தில் எனக்கு அடுத்த நாற்காலி. ஜர்னல் ஸ்கொயர் குடியிருப்பில் எனக்கு மேல்மாடி. மனைவி கலாவதி, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் கயல். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத மனிதர். கெட்டிக்காரர் என்பதை அவரே மறந்துபோய்ப் பல வருஷம் ஆகியிருக்கும்.

செப்டம்பரில் வங்கி தன் புரோகிராம்களை ஓட்டும் ஜாவா என்ற கணினி மொழியைப் புதிய பதிப்புக்கு மாற்றியது. பழைய ஜாவாவிடம் மணி கேட்டால் ஒரு நொடியை ஆயிரம் துண்டாக நறுக்கிப் பதில் சொல்லும். புதிய ஜாவா நூறு கோடித் துண்டாக நறுக்கியது. அதாவது நொடிக்குப் பிறகு புள்ளி வைத்து ஒன்பது இலக்கம். பங்கு வாங்கவும் விற்கவும் வங்கிக்கு வரும் ஒவ்வொரு ஆர்டர் மீதும் இந்த ஒன்பது இலக்க நேரத்தைக் குத்தி டேட்டாபேஸில் போட்டார்கள். டேட்டாபேஸில் ஆறு இலக்கத்துக்குத்தான் இடம். அது கடைசி மூன்றைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. பிறகு இன்னொரு புரோகிராம் வந்து, வந்த ஆர்டரையும் வைத்த ஆர்டரையும் ஒப்பிட்டது. மூன்று இலக்கம் குறைகிறதே, இது வேறு ஆர்டர் என்று முடிவுகட்டியது. இப்படி ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் ஆர்டர்கள் சந்தேகக் கேஸாக ஒதுக்கப்பட்டன. இரண்டு பேர் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து, ஆமாம் அதேதான் என்று பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கிட்டுசாமியின் லேப்டாப்பில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அந்த லேப்டாப்பின் கடிகாரம் ஆறு இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும் ரகம். சர்வரில் மட்டும் ஏன் உடைகிறது என்று ஒரு நாள் முழுக்க முறைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். ஆர்டரைப் பதியும் முன்பே கடைசி மூன்று இலக்கத்தை நாமே வெட்டிவிட்டால் போதும். இரண்டு பக்கமும் ஆறு இலக்கம், ஒப்பிட்டால் சரியாக வரும். புரோகிராமில் ஒரே ஒரு வரி மாற்றம். அதை எழுதிக்கொண்டு அனந்தராமனிடம் போனார். என்னையும் சாட்சிக்குக் கூட்டிப்போனார்.

"ஒரு லைன்தாங்க சார். இன்னிக்கே போட்டுறலாமுங்க."

அனந்தராமன் மயிலாப்பூர்க்காரர், வங்கியில் இருபது வருஷம். கதவைச் சாத்தினார்.

"கிட்டு, ஒன் லைன்னு வெளியில சொல்லாதீங்கோ. ஒன் லைன்ல முடியறதுன்னா பதினோரு பேர் கவுன்சில் எதுக்குன்னு கேப்பா. முறையா ஒரு டிக்கெட் ரெய்ஸ் பண்ணுங்கோ, கவுன்சில்ல வெச்சுப் பாஸ் பண்ணிடலாம்."

கிட்டுசாமி தலையாட்டினார். பிறகு தயங்கித் தயங்கி இன்னொரு விஷயத்தை எடுத்தார். அவருடைய விசா டிசம்பர் பத்தொன்பது, வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால், இவர் இன்ன வேலையை எங்களிடம் செய்கிறார் என்று வங்கி ஒரு கிளையண்ட் லெட்டர் தர வேண்டும். ஒரு பக்கக் கடிதம், ஒரு கையெழுத்து. அது இல்லாமல் இர்விங் கம்பெனியால் விண்ணப்பத்தை அனுப்ப முடியாது.

"அதுக்கென்ன, தாராளமா. இந்த டிக்கெட் க்ளோஸ் ஆகட்டும், கையோட சைன் பண்ணிடறேன். ஓப்பன் டிக்கெட்டோட ஒருத்தருக்கு லெட்டர் கொடுத்தா நன்னா இருக்காது, பாருங்கோ."

அப்போது செப்டம்பர் பன்னிரண்டு. மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறதே என்று கிட்டுசாமி நிம்மதியாக வெளியே வந்தார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

டிக்கெட் என்றால் இன்ன பிழையைத் திருத்த வேண்டும் என்ற கோரிக்கை; அதைப் போடுவதற்கு ஒரு படிவம் உண்டு. அதில் ஏழாவது கேள்வி: பிழை கண்டுபிடிக்கப்பட்ட நேரம், ஒன்பது இலக்கத் துல்லியத்தில். கிட்டுசாமி, "செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு" என்று எழுதினார். படிவம் திரும்பி வந்தது. மறுபடி, "சுமார் இரண்டு மணி" என்று எழுதினார். 'சுமார்' என்ற சொல் வங்கியின் கொள்கைக்கு முரணானது என்று குறிப்போடு திரும்பி வந்தது. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு விசைப்பலகையில் ஒன்பது எண்களைத் தட்டினார். அன்றைக்கே ஏற்றுக்கொண்டார்கள். முன்மாதிரியான துல்லியம் என்று பாராட்டி ஒரு மின்னஞ்சலும் வந்தது.

இந்த டிக்கெட்டுக்கான முதல் கூட்டம் அக்டோபரில் நடந்தது. நடந்தது ஆங்கிலத்தில், தமிழில் சொல்லும்போது அவர்களுக்குக் கொஞ்சம் அறிவு கூடித் தெரிந்தால் அது என் பிழை. கிட்டுசாமி தன் ஒரு வரியைத் திரையில் காட்டினார். சட்டத் துறையிலிருந்து வந்திருந்த அம்மையார் பேனாவை உயர்த்தினார்.

"வெட்டுவது என்ற சொல்லே எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்த மூன்று இலக்கம் நம்முடையதல்ல. அது வாடிக்கையாளரின் நேரம். நாளைக்கு ஒருவர் நீதிமன்றத்தில் வந்து, என் நேரம் எங்கே என்று கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்?"

"இதுவரை யாராவது கேட்டிருக்கிறார்களா?" என்றார் கிட்டுசாமி.

"ஒருவர்கூடக் கேட்டதில்லை. அதனால்தான் ஆபத்து அதிகம் என்கிறேன். எப்போது கேட்பார்கள் என்பதற்கு நம்மிடம் தரவே இல்லை."

எல்லோரும் இதை எழுதிக்கொண்டார்கள். டேட்டாபேஸிலேயே ஒன்பது இலக்கத்துக்கு இடம் செய்யலாமே என்று ஒருவர் கேட்டார். செய்யலாம், 2028 கோடையில் ஆள் ஒதுக்குகிறோம் என்று டேட்டாபேஸ்காரர்கள் சொன்னார்கள். கிட்டுசாமி இன்னொரு தடவை எழுந்து, மிகவும் பணிவாக ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார். நம் சர்வர்களின் கடிகாரங்களே ஒன்றுக்கொன்று நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு முன்னே பின்னேதான் ஓடுகின்றன, ஆகவே கடைசி மூன்று இலக்கம் எந்த நேரத்தையும் குறிக்கவில்லை, அவை சும்மா வந்து நிற்கும் எண்கள் என்றார்.

அனந்தராமன் என் பக்கம் திரும்பி, "இதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம்" என்றார். எழுதி முடித்திருந்த வரியை அழித்துவிட்டேன். எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மாதச் சம்பளத்துக்கு எழுதுகிறவன், அழிப்பதும் அதே சம்பளத்தில்தான்.

அன்று மாலை லிஃப்டில் கலாவதியைப் பார்த்தேன். துவைத்த துணிக்கூடையோடு நின்றிருந்தார்.

"ஏனுங்ணா, அவருக்கு லெட்டர் குடுத்துட்டாங்களா? கேட்டா வரும் வரும்ங்கறாரு."

"வந்துரும்மா. ப்ராசெஸ்ல இருக்கு," என்றேன். அந்த வங்கியில் இருந்தால் வாயில் இப்படித்தான் வருகிறது.

இரண்டாவது கூட்டம் நவம்பரில். வெட்டக்கூடாது என்றால் ரவுண்டு பண்ணலாம் என்று யாரோ ஒருவர் யோசனை சொன்னார். ஐநூறுக்கு மேல் இருந்தால் மேலே ஏற்றிவிடுவது. இது நல்லதாகத் தோன்றியதால் எல்லோருக்கும் சந்தேகம் வந்தது. சட்டத் துறை அம்மையார் மறுபடி பேனாவை உயர்த்தினார்.

"மேலே ஏற்றினால் பாதி ஆர்டர்கள், தாங்கள் வந்து சேர்ந்த நேரத்துக்கும் பிறகு வந்ததாகப் பதிவாகும். அதாவது எதிர்காலத்தில். எதிர்காலத்தில் வியாபாரம் செய்ய இந்த வங்கிக்கு உரிமம் இருக்கிறதா?"

யாருக்கும் தெரியவில்லை. நியூ ஜெர்சிக்கு இருக்கிறது, நியூயார்க்குக்கு இருக்கிறது, எதிர்காலத்துக்கு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல மூன்று பேர் கொண்ட துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழுவுக்கு உதவ வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். அறுபத்து நான்கு ஸ்லைடு. முதல் ஸ்லைடில் சூரிய அஸ்தமனம். ஒரு நிறுவனத்திடம் இருக்கும் மிக அருமையான பொருள் நேரம்தான் என்று அவர் சொல்லி முடிக்கும்போது கூட்டத்தின் நேரம் முடிந்து அரை மணி ஆகியிருந்தது. முடிவெடுப்பதை டிசம்பருக்குத் தள்ளினார்கள்.

கிட்டுசாமி நேராக அனந்தராமன் அறைக்குப் போனார். இந்தத் தடவை என்னைக் கூப்பிடவில்லை. கதவு திறந்திருந்ததால் கேட்டது.

"சார், லெட்டர் மட்டும் முன்னாடியே குடுத்துருங்க சார். டிக்கெட்டை விட்டுட்டு நான் எங்கீங்க ஓடப்போறேன்? பாப்பா இங்கதான் பொறந்தது, ஸ்கூல் இங்க. கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க சார்."

"கிட்டு, நானும் ஹெச்-ஒன் விசால வந்தவன்தான். நேக்குத் தெரியாதா? எனக்கு க்ரீன் கார்டு வர பதினோரு வருஷம் ஆச்சு. நான் ஒரு நாள் யார்கிட்டயாவது போய் அவசரம்னு நின்னிருக்கேனா? பேஷன்ஸ் வேணும். பத்தொம்பதாந்தேதிக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கு!"

வெளியே வந்த கிட்டுசாமி நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை அணைந்துபோய் வெகுநேரம் ஆகியும் பார்த்துக்கொண்டிருந்தார். காபி வேணுமா என்று கேட்டேன். வேண்டாமுங்க என்றார்.

மூன்றாவது கூட்டம் டிசம்பர் ஒன்பது. வெட்டினால் வாடிக்கையாளர் கோபிப்பார், ரவுண்டு பண்ணினால் எதிர்காலம் கோபிக்கும், விட்டால் நாற்பதாயிரம் கேஸ். பேச்சு அதே இடத்தில் ஒரு மணி நேரம் சுற்றியது. கிட்டுசாமிக்கு எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. யாரோ அவர் கருத்தைக் கேட்டார்கள். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "வெட்டிவிட்டு அந்த இடத்தில் மூன்று சைபர் போட்டுக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு ஒன்பது இலக்கம் இருக்கும்."

வெறுத்துப்போய்ச் சொன்னார். அவரைத் தெரிந்த எனக்கு அது தெரிந்தது. அறையில் முதலில் ஒருவர் மேஜையைத் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். சட்டத் துறை அம்மையாரின் கண்ணே கலங்கிவிட்டது.

"இதில் எதுவும் குறையவில்லை," என்றார் அவர். "வாடிக்கையாளர் ஒன்பது இலக்கம் கொடுத்தார், நாம் ஒன்பது இலக்கம் திருப்பித் தருகிறோம். அவை அதே இலக்கங்களாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை."

அனந்தராமன் எழுந்து நின்று பேசினார். கூட்டத்தில் அவர் நின்று பேசி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"நண்பர்களே, துல்லியம் என்பது சரியாக இருப்பது அல்ல. சரியாக இருப்பது யார் கையிலும் இல்லை. துல்லியம் என்பது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பது. இனி இந்த வங்கியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு ஆர்டரும், ஒவ்வொரு ரசீதும், ஒவ்வொரு கடிதமும் ஒன்பது இலக்க நேரத்தோடு, உலகப் பொது நேரத்தில் போகும். கையால் எழுதிய தேதிக்கு இந்த வங்கியில் இடமில்லை. ஒரு முறை குத்திய நேரத்தை நான் உள்பட யாரும் மாற்ற முடியாது. மனிதர்களை நம்ப வேண்டிய காலம் முடிந்துவிட்டது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

ஏகமனதாக நிறைவேறியது. ஆர்டருக்கு மட்டும் கேட்டது கடிதத்துக்கும் சேர்த்துக் கிடைத்தது. அதற்கான புரோகிராமையும் கிட்டுசாமியே எழுத வேண்டும் என்றார்கள். இரண்டு நாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதியதைச் சோதித்து, சோதித்ததைச் சோதித்து, சைபர்கள் உண்மையாகவே அளக்கப்பட்டவை என்று அவரிடம் ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்கி, டிசம்பர் பதினேழு புதன்கிழமை மாலை டிக்கெட்டை மூடினார்கள்.

மறுநாள் வியாழன். விசா முடிய ஒரு நாள். இர்விங் கம்பெனியில் விசா வேலைகளைப் பார்க்கும் நாகமணி காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். விண்ணப்பம் முழுக்கத் தயார், படிவத்தில் வியாழக்கிழமை தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்கியாயிற்று, கடிதம் ஒன்றுதான் பாக்கி. அங்கே ஏழு மணிக்கு, இங்கே எட்டு மணிக்கு, கூரியர் வண்டி கிளம்பிவிடும். வெள்ளிக்கிழமை அது குடிவரவு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும்.

அனந்தராமனுக்கு அன்று முழுக்க விழா. புதிய கொள்கையை நியூயார்க் கிளைக்கு விளக்கினார், லண்டன் கிளைக்கு விளக்கினார், ஐந்தரைக்குக் கேக் வெட்டினார்கள். கிட்டுசாமி ஒரு துண்டு கேக்கைக் காகிதத் தட்டில் வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நின்றார். ஏழேகாலுக்கு அனந்தராமன் தன் மேஜைக்கு வந்தார்.

"எங்க உங்க லெட்டர்? நான் சொன்னா சொன்னதுதான், பாத்தேளா?"

பொத்தானை அமுக்கினார். கடிதத்தின் அடியில் கையெழுத்து விழுந்தது. அதன் கீழே நேரம் விழுந்தது. கிட்டுசாமி எழுதிய புரோகிராம் பிசகில்லாமல் வேலை செய்தது. அனந்தராமன் அவர் தோளைத் தட்டிவிட்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். கடிதம் மின்னஞ்சலில் அப்போதே இர்விங் போய்ச் சேர்ந்தது. இரண்டு நிமிஷத்தில் நாகமணி கூப்பிட்டார். கிட்டுசாமி ஸ்பீக்கரில் போட்டார்.

"கிட்டுசாமி சார், லெட்டர்ல டேட் தப்பா இருக்கே. இன்னிக்கு பதினெட்டு. இதுல பத்தொன்பதுன்னு இருக்கு."

"அது உலகப் பொது நேரமுங்க, மேடம். நம்ம டைமுக்கு அஞ்சு மணி நேரம் முன்னால. இங்க ஏழு மணி தாண்டுனா அங்க அடுத்த நாளு. கடைசில இஸட்னு ஒரு எழுத்து இருக்குது பாருங்க, அதுக்கு அதாங்க அர்த்தம்."

"எனக்குப் புரியுது சார். விசா ஆபீசருக்குப் புரியணுமே? அவர் புரோகிராமர் இல்லையே. வியாழக்கிழமை சைன் பண்ணின அப்ளிகேஷன்ல வெள்ளிக்கிழமை லெட்டரை அட்டாச் பண்ணினா ஃபோர்ஜரின்னு சொல்லிடுவாங்க. லாயர் ஒத்துக்கவே மாட்டாரு. ஒண்ணு பண்ணுங்க, உங்க மேனேஜரை இன்னிக்கு டேட்டைப் பேனால எழுதி ஒரு சைன் போடச் சொல்லுங்க. போட்டோ எடுத்து அனுப்பினாக்கூடப் போதும். எனக்கு நாப்பது நிமிஷம் இருக்கு."

அனந்தராமன் காரில் இருந்தார். நடந்ததைக் கிட்டுசாமி சொன்னார். நான்கு வாக்கியத்தில், தெளிவாக, குரல் உயராமல் சொன்னார். மறுமுனையில் இண்டிகேட்டர் டிக் டிக் என்று கேட்டது.

"கிட்டு, எல்லாரும் மேஜையைத் தட்டி ஒரு வாரம்தான் ஆறது. நானே ரூலைப் போட்டுட்டு நானே பேனாவை எடுத்தா ஆடிட்ல என்ன சொல்வா? இது உங்க லெட்டர் இல்ல, என் இன்டெக்ரிட்டி. அந்த டைம்ஸ்டாம்ப் கரெக்டா, தப்பா? நீங்கதான எழுதினேள்? சொல்லுங்கோ."

"கரெக்ட்டுங்க சார்."

"அப்பறம்? கரெக்டான டைமை ஒரு ஆபீசருக்குப் படிக்கத் தெரியலேன்னா அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? ஃப்ரீவேல இருக்கேன். நாளைக்குப் பேசலாம்."

எட்டு மணிக்கு நாகமணி மறுபடி கூப்பிட்டார். வண்டி போய்விட்டது. அவர் குரல் தணிந்திருந்தது. "சனிக்கிழமைலருந்து நீங்க வேலை செய்யக் கூடாது சார். இங்க தங்கினா நாளைக்குப் பிரச்சினை. ஃபேமிலியோட ஊருக்குக் கிளம்பிடுங்க. அங்கருந்து மறுபடியும் ஃபைல் பண்ணிப் பாப்போம். ஆனா எவ்வளவு நாளாகும்னு என்னால சொல்ல முடியாது."

"சரிங்க மேடம். தேங்க்ஸுங்க," என்றார் கிட்டுசாமி. நன்றி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

ரயிலில் அவர் எதிரே உட்கார்ந்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை, ஒன்றுமே இல்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. அவரைத் தனியாக மேலே அனுப்ப மனம் வராமல் நானும் அவர் வீட்டு வாசல்வரை போனேன். அந்த மூன்று இலக்கத்தைப் பற்றி அக்டோபரில் அவர் சொன்ன உண்மையைக் குறிப்பிலிருந்து அழித்த கை என் கைதான். வெட்கமாக இருந்தது.

கலாவதி கதவைத் திறந்தார். கணவர் முகத்தைப் பார்த்தார். லெட்டர் வந்ததா என்று அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.

"வந்துருச்சு. நாளைக்குத் தேதில வந்துருக்குது," என்றார் கிட்டுசாமி. "ஆகாதுன்னுட்டாங்க. கெளம்பச் சொல்றாங்க."

உள்ளே சாப்பாட்டு மேஜையில் கயல் பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கலாவதி திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏனுங்க, அவளுக்கு நாளைக்கு ஸ்பெல்லிங் டெஸ்ட் இருக்குது. சாயங்காலத்துலருந்து படிச்சுட்டிருக்கறா. ஸ்கூலுக்கு அனுப்பறதுங்களா, வேண்டாமுங்களா?"

ஷூவைக் கழற்றக் குனிந்த கிட்டுசாமி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.